நாலாவது இறக்கை

அந்தக் கட்டிடத்தில் குடியிருப்பவர்கள் விருந்தாளிகளுக்கு வழி சொல்வது இப்படித்தான்: "மாடிப்படி ஏறிட்டே வாங்க. எந்த இடத்துல வினிகரும் அவிச்ச முட்டையும் சேர்ந்து மூக்கைத் தாக்குதோ, அதுக்கு எதிர் வீடு நம்ம வீடு." அப்படித் தாக்குகிற வீடு துருவக்காவின் வீடு.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது வங்கிக் கணக்கில் மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறது. கணக்கில் வேறு ஒன்றும் இல்லாததால் தூக்கத்துக்குத் தொந்தரவும் இல்லை. மற்ற எல்லோருக்கும் அவள் துருவக்காதான். கட்டிய புருஷன்கூட அவசரத்தில் ஒருமுறை "துருவக்கா, துண்டை எடு" என்று கத்திவிட்டு, அப்புறம் ஒரு வாரம் அக்காவுக்குரிய மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவள் தொழில், புது உலோகத்துக்கு வயசு ஏற்றுவது. ஊர் உலகமே வயசைக் குறைக்க முகத்தில் எதையெதையோ பூசிக்கொண்டு அலைகிறது. கூட்டித் தருவதற்குக் காசு வாங்குகிறவள் இவள் ஒருத்திதான். பழைய சாமான் சேர்க்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் கிராமபோன், ஒருவர் வீட்டில் தட்டச்சு இயந்திரம், ஒருவர் வீட்டில் பூட்டு. எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு சின்னச் சாமான் தொலைந்திருக்கும். லேத் பட்டறைக்காரர் அதே அளவில் புதுசு கடைந்து கொடுத்துவிடுவார். ஆனால் அதை மாட்டிப் பார்த்தால், பென்ஷன் வாங்க வந்த கிழவர்கள் வரிசையில் பள்ளிக்கூடப் பையன் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். அந்தப் பையனுக்கு நரையும் தொந்தியும் முதுகுவலியும் வரவழைத்து, வரிசையோடு வரிசையாகச் சேர்த்துவிடுவதுதான் துருவக்காவின் வேலை.

பட்டறை எங்கே என்றால், குளியலறையில். குளிக்கும் வாளி ஒன்று, குளிக்கக்கூடாத வாளி நாலு. குளிக்கக்கூடாத வாளிகளில் ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் வினிகர், ஒன்றில் ஈர மரத்தூள், மூடி போட்ட ஒன்றில் அம்மோனியா. ஜன்னல் விளிம்பில் சோப்புக்குப் பக்கத்தில் இரும்புத் திருகாணிகள் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். டவுன் பஸ் ஓட்டும் புருஷன் வேலை முடிந்து வந்து, கதவுக்கு வெளியே துண்டோடு நின்று புலம்புவார்.

"ஊரையே ஏத்தி இறக்கிட்டு வரேன். என் மேல ரெண்டு சொம்பு தண்ணி ஊத்திக்க எனக்கு இடமில்ல."

"ஊத்திக்கங்களேன். நீல வாளியை மட்டும் தொடாதீங்க."

"தொட்டா என்ன ஆகும்?"

"வயசாயிடும்."

இந்தத் தொழிலுக்கு அவள் வந்து சேர்ந்ததே ஒரு முட்டையால்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு முலாம் பூசும் பட்டறையில் வேலை. சைக்கிள் கைப்பிடி, குழாய்மூடி, கதவுக் கொண்டி என்று எதைக் கொடுத்தாலும் மினுக்கி அனுப்புகிற இடம். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு முட்டையை, புதுத் திருகாணிகள் இருந்த தகர டப்பாவிலேயே வைத்து மூடிவிட்டு மறந்துபோனாள். நடுவில் விடுமுறை. திரும்பி வந்து முதலாளி டப்பாவைத் திறந்தபோது முட்டை நாற்றம் பொங்கி எழுந்தது. திருகாணி எல்லாம் பாட்டன் பூட்டன் காலத்துச் சாமான் மாதிரி கறுத்துக் கிடந்தது. முதலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டே திட்டியதால் பாதித் திட்டு அவளுக்குப் புரியவில்லை. மீதிப் பாதியில் வேலை போய்விட்டது. ஆனால் அந்த நேரம் பார்த்துப் பட்டறை வாசலில் நின்றிருந்த கிராமபோன் ரிப்பேர்காரர் ஒருவர், "இந்தக் கறுப்பை யாரும்மா பண்ணது? இதைத்தான் நான் வருஷக்கணக்கா தேடிட்டிருக்கேன்" என்றார். முட்டையால் போன வேலை முட்டையாலேயே வந்தது.

அவளுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்று, வயசேற்றிய ஒவ்வொரு சாமானின் அடியிலும், கண்ணுக்குத் தெரியாத மூலையில், புதுசு என்பதற்கு அடையாளமாக 'பு' என்று பொடி எழுத்தில் ஒரு குத்து. நாளைக்கு யாராவது அதை அசல் பழசு என்று சொல்லி இன்னொருவர் தலையில் கட்டினால், புரட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டாவது, நிஜமான பழசின் மேல் கை வைக்கவே மாட்டாள். கறை நீக்கக் கேட்டாலும் சரி, கறை கூட்டக் கேட்டாலும் சரி. "புதுசுக்கு நான் போடறது வேஷம். பழசுக்கு அது உடம்பு. உடம்பு மேல வேஷம் போட்டா எது எதுன்னு அப்புறம் எனக்கே தெரியாது" என்பாள்.

இப்படி அழுக்கும் கறையுமாகச் செழித்துக்கொண்டிருந்த குடும்பத்துக்குத்தான் மாமனார் வந்து சேர்ந்தார்.

மாமனார் ஒரு பெரிய ஹோட்டலில் பாலீஷ்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதவுக் கைப்பிடி, படிக்கட்டுக் கம்பி, லிஃப்ட் கதவு, வரவேற்பு மேசை மணி என்று அந்த ஹோட்டலில் பித்தளையாகப் பிறந்த எதுவும் அவர் கையில் தப்பியதில்லை. அவர் தேய்த்த கைப்பிடியில் முகம் பார்த்து மீசை திருத்திக்கொண்டு போன பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர். அப்படிப்பட்டவர், மகன் வீட்டில் வந்து இறங்கிய முதல் நாள் காலையில் பல் துலக்கக் குளியலறைக்குள் போய், போன வேகத்தில் வெளியே வந்தார்.

"ஏம்மா, இங்க என்ன நடக்குது? யாரோ நல்ல பித்தளையைக் கொன்னு வெச்சிருக்காங்க."

"அது நான்தான் மாமா. என் வேலை அது."

"கொல்றதா?"

"வயசாக்கறது."

மாமனார் மகனைப் பார்த்தார். மகன் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து கீரியும் பாம்பும்தான். சண்டை என்று சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் குரல் உயராது. ஆனால் அவள் காலையில் கறுக்கவைத்துக் காயப்போட்ட கொக்கி சாயங்காலம் தங்கம் மாதிரி மின்னும். "கீழ கிடந்துச்சு, அழுக்கா இருந்துச்சு, தொடைச்சேன்" என்பார். பதிலுக்கு அவள், அவருடைய வெற்றிலைப் பெட்டி அளவு இருந்த பாலீஷ் டப்பாவைச் சமையலறைப் பரணில் ஏற்றிவிடுவாள். அவர் ஸ்டூல் போட்டு இறக்குவார். வீட்டில் கதவுத் தாழ்ப்பாள்கள் கண்ணைப் பறித்தன. குளியலறை மட்டும் கல்வெட்டுக் காலத்தில் இருந்தது. புருஷன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டிக் கழுத்து வலி வாங்கிக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர் வந்தார்.

பல் டாக்டருக்குப் பழைய மேசை மின்விசிறி என்றால் உயிர். அவர் கிளினிக்கில் காத்திருக்கும் அறை முழுக்க மின்விசிறிதான். பல்வலியோடு போகிறவர் ஜலதோஷமும் வாங்கிக்கொண்டு திரும்புவார். அவற்றில் அவருக்குச் செல்லம், நாலு பித்தளை இறக்கை வைத்த ஒரு கறுப்பு விசிறி. அதன் முன்கூண்டைக் கழற்றித் துடைத்துவிட்டு, சும்மா ஓடுகிறதா என்று பார்க்கப் பொத்தானைத் தட்டியிருக்கிறார். தளர்ந்திருந்த ஒரு இறக்கை பிய்த்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பறந்து, தெருவில் போன மணல் லாரியில் விழுந்து ஊரைவிட்டே போய்விட்டது. லாரிக்குப் பின்னால் டாக்டர் கையில் இடுக்கியோடு ஓடினாராம். நாற்காலியில் ஒரு ஆள் வாயைப் பிளந்தபடி அப்படியே காத்திருந்தாராம்.

"எனக்கு நாலாவது இறக்கை வேணும். மத்த மூணோட பொறந்த மாதிரி இருக்கணும்" என்றார் டாக்டர், மூன்று இறக்கைகளையும் பச்சைக் குழந்தையைக் கொடுப்பது போலக் கொடுத்து.

துருவக்கா ஒரு கேள்வி கேட்க வாயெடுத்தாள். டாக்டர் பேசிக்கொண்டே போனார். அவர் பாவம், வேலையே அப்படி. எதிரில் இருப்பவர் பதில் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

"கீழ ஒரு கடை பூட்டிக் கிடக்கே, அது என்னோடது, தெரியுமில்ல? ஜூஸ் கடைக்காரன் கேட்டுட்டிருக்கான். நீயும் கேட்டேன்னு வாட்ச்மேன் சொன்னான். உனக்குக் குடுத்தா கட்டிடமே நாறும்னு ஜூஸ்காரன் சொல்றான்."

"இப்பவே நாறிட்டுதானே இருக்கு டாக்டர். கீழ வந்தா மேல இருக்கறவங்களுக்காவது நல்லது."

டாக்டர் ஒரு கணம் தடுமாறிப்போனார். பதில் வந்துவிட்டதே! "சரி, பந்தயம். நாலையும் மேசையில வரிசையா வை. முன்பக்கத்தை மட்டும்தான் பார்ப்பேன். எது புதுசுன்னு நான் கண்டுபிடிக்கலைன்னா கடை உனக்கு. கண்டுபிடிச்சிட்டா ஜூஸ்காரனுக்கு."

துருவக்காவுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. கீழே இருந்த அந்தக் கடைக்கு ஷட்டர் உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு, புகை போகப் பின்பக்கம் ஜன்னல் உண்டு. வாளிகளை வரிசையாக வைக்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து வேலை செய்யலாம். சொந்தமாகக் கதவைச் சாத்திக்கொள்ளலாம், யாரும் வெளியே துண்டோடு நிற்காமல். இதையெல்லாம் புருஷனிடம் சொன்னாள். மாமனாரிடம் பந்தய விவரம் சொல்லவில்லை; சொன்னால் அதற்கும் ஒரு நொட்டை சொல்வார். "டாக்டர் மனசு குளிர்ந்தா கீழ் கடை நமக்கு" என்று மட்டும் சொல்லிவைத்தாள். அந்த அரைகுறைதான் பின்னால் வினையாக வந்தது.

தகடு வேலைக்காரர் ஒருவர், மற்ற மூன்றின் வளைவும் எடையும் பார்த்து நாலாவதை அடித்துக் கொடுத்தார். மணப்பெண் மாதிரி ஜொலித்தது. துருவக்கா அதைச் சோப்பு போட்டுக் கழுவி, கையுறை மாட்டிக்கொண்டுதான் தொட்டாள்; விரல் எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் ஏறாது. அம்மோனியா வாளியின் மூடிக்கு அடியில் நூல் கட்டித் தொங்கவிட்டாள். எடுத்தாள். முட்டை டப்பாவுக்குள் வைத்தாள். எடுத்தாள். அப்புறம்தான் நிஜ வேலை.

வயசு என்பது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறாது. விசிறி இறக்கையில் நடுவை ஒட்டிய இடத்தில் மோட்டார் கக்குகிற எண்ணெய் தெறித்துத் தேன் நிறத்தில் இறுகியிருக்கும். காற்றை வெட்டுகிற ஓரத்தில் தூசி கோடாகப் படிந்திருக்கும். நுனியில் மட்டும் லேசான வெளிச்சம். துடைக்கிறவர்கள் எல்லோரும் நுனியைப் பிடித்துத்தான் துடைப்பார்கள். மூன்று பழைய இறக்கைகளிலும் பொடிப்பொடியாகச் சாய்ந்த கீறல்கள் இருந்தன. அது என்ன என்று முதலில் பிடிபடவில்லை. அப்புறம் புரிந்ததும் சிரித்துவிட்டாள். ஓடுகிற விசிறியில் பென்சிலை விட்டுப் பார்க்காத குழந்தை உலகத்தில் உண்டா? புது இறக்கைக்கும் பென்சில் தடம் போட்டாள். சிரிப்பாணியோடு, நாக்கைக் கடித்துக்கொண்டு, தானே ஒரு குழந்தை மாதிரி.

மாமனார் இடையிடையே குளியலறை வாசலுக்கு வந்து நின்றார்.

"நல்லா இருந்ததை என்ன பாடு படுத்தற! ஒரு கைப்பிடியில இவ்ளோ கறை இருந்தா எங்க மேனேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பிச்சிருப்பாரு."

"நான் வீட்டுலதான் மாமா இருக்கேன். என்னை எங்க அனுப்புவாரு?"

"வாய் மட்டும் துருப்பிடிக்கல உனக்கு."

திட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றார். கால் வலிக்கும்போல, கதவில் சாய்ந்துகொண்டார். அப்புறம் போய்விட்டார்.

வேலை முடிந்தபோது துருவக்காவுக்கே சந்தேகம் வந்து இறக்கையைப் புரட்டிப் பார்த்தாள். 'பு' இருந்தது. திருப்தியாக நாலையும் ஒரு துணியில் சுற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். சாயங்காலம் டாக்டர் வருவார். இறக்கைகளை மாட்டுகிற திருகாணிகளை மட்டும் லேத் பட்டறையிலிருந்து வாங்கி வர வேண்டும். மத்தியானம் கிளம்பிப் போனாள்.

பட்டறைக்காரர் காக்கவைத்துவிட்டார். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மூக்கில் பட்டது பாலீஷ் வாசனை.

மேசைமேல் செய்தித்தாள் விரித்து, அதில் மூன்று சூரியன்கள் வரிசையாகக் கிடந்தன. டாக்டரின் மூன்று இறக்கைகள். எண்ணெய்த் தேன் இல்லை, தூசிக் கோடு இல்லை, பென்சில் கீறல்கூட மழித்துவிட்ட முகம் மாதிரி வழுவழுவென்றிருந்தது. பக்கத்தில் அவள் செய்த புது இறக்கை மட்டும் துணிக்குள் பாதி மறைந்தபடி, ஊரிலேயே மூத்த கிழவி மாதிரி மங்கலாகப் படுத்திருந்தது. பழசெல்லாம் புதுசு, புதுசு மட்டும் பழசு.

மாமனார் கையில் கறுத்த துணியோடு நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை. முகத்தில், பரீட்சைத் தாளை வாத்தியாரிடம் நீட்டுகிறவனின் சிரிப்பு.

"டாக்டர் வராருன்னு சொன்னியா, நீயும் வெளிய போயிட்டியா, அதான் நான் உக்காந்து முடிச்சிட்டேன். எப்படி?"

துருவக்காவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கிளம்பித் தொண்டைவரை வந்தது. அவருடைய விரல் நுனிகளைப் பார்த்தாள். தேய்த்துத் தேய்த்துத் தோல் சுருங்கிச் சிவந்திருந்தது. கத்தல் வந்த வழியே திரும்பிப் போனது.

"பளபளன்னு இருக்கு மாமா" என்றாள்.

"பின்ன!" என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து வந்த புருஷன், மேசையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பெண்டாட்டியைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"வெண்ணெய் திரண்டு வரப்ப தாழியை உடைச்சிட்டாரே! இப்ப என்ன பண்றது? சீக்கிரம் அந்த மூணையும் வாளில போடு. உன்னால முடியாததா?"

அவள் குளியலறைக்குப் போனாள். அம்மோனியா வாளியின் மூடியைத் திறந்தாள். கண் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு பழுப்பை ஏற்றிவிடலாம். விளக்கு வெளிச்சத்தில் டாக்டர் ஏமாந்தாலும் ஏமாந்துவிடுவார். கடை கிடைத்துவிடும். ஆனால் அந்த மூன்றுக்கும் நிஜ வயசு உண்டு. அதன்மேல் பொய் வயசைப் பூசிக் கொடுத்தால், அடியில் 'பு' குத்துவதா, வேண்டாமா? குத்தினாலும் பொய், குத்தாவிட்டாலும் பொய். மூடியைத் திரும்ப மூடிவிட்டாள்.

"என்ன?" என்றார் புருஷன்.

"ஜூஸ் கடை வந்தா உங்களுக்கு ஆரஞ்சா, ஆப்பிளா?"

மாமனாரை எங்காவது அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்தாள். "காத்தாட நடந்துட்டு வாங்களேன் மாமா."

"டாக்டர் மூஞ்சியைப் பார்க்காம நான் எங்க போவேன்?" என்று நாற்காலியைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் விசிறியின் உடம்பை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். மேசையைப் பார்த்தார். வாய் திறந்தது. ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லியே பிழைத்த மனிதர், தன் வாயை மூட மறந்து நின்றார். அப்புறம் பாய்ந்துபோய் அந்த மங்கல் இறக்கையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இது ஒண்ணுதான் என்னோடது! மத்த ரெண்டு எங்க? யார் இந்தப் புது மூணையும் கொண்டுவந்தது? என் எண்ணெய்க்கறை, இதோ, என் பென்சில் கோடு... ஏம்மா, என் ரெண்டு இறக்கையும் எங்க?"

"அந்த மூணும்தான் உங்களுது டாக்டர். தேய்ச்சிட்டேன்."

"தேய்ச்சியா? நீயா?"

"ஆமா. நான்தான். புத்தி கெட்டுப்போச்சு."

நாற்காலி சரேலென்று நகர்ந்தது. மாமனார் எழுந்துவிட்டார். டாக்டர் மகிழ்ச்சியில் கத்தவில்லை என்பதுவரை அவருக்குப் புரிந்திருந்தது. தப்பு நடந்துவிட்டது என்பதும் புரிந்தது. ஆனால் இதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

"இவளா? இவளுக்கு இந்த மாதிரி தேய்க்க வருமா? ஓரத்தைப் பாருங்க டாக்டர், ஒரு இடத்துல வட்டம் தெரியுதா? துணி போன தடம் தெரியுதா? ஜென்மத்துக்கும் வராது இவளுக்கு! நான் தேய்ச்சேன்."

"மாமா, சும்மா இருங்க."

"எதுக்குச் சும்மா இருக்கணும்? தப்புன்னா என்னைத் திட்டட்டும். வேலை என்னோடது."

புருஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்; தோள் குலுங்கியது. சிரிப்பா, அழுகையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

துருவக்கா டாக்டர் கையிலிருந்த இறக்கையை மெதுவாக வாங்கி, புரட்டி, ஆணித்தலை அளவு இருந்த எழுத்தைக் காட்டினாள். டாக்டர் பல் பார்க்கிற கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். 'பு'. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பழசுக்கு நான் கறை ஏத்தமாட்டேன் டாக்டர். அதோட நிஜக் கறை போச்சு, என் தப்பு, நான் சொல்லியிருக்கணும். அது திரும்ப வராது. ஆனா நாலும் ஒரே மாதிரி இருக்க ஒரு வழி இருக்கு." அவள் தன் இறக்கையை மாமனாரிடம் நீட்டினாள். "இதையும் தேய்ச்சிடுங்க மாமா. உங்க துணி இன்னும் ஈரமாத்தானே இருக்கு."

நாள் கணக்கில் முட்டையும் நாற்றமும் கண்ணெரிச்சலும் தின்று உண்டாக்கிய வயசு அது. இதுவரை அவள் செய்ததிலேயே இதுதான் நல்லது. அது போனால் பந்தயமும் இல்லை, கடையும் இல்லை. குரல் நடுங்காமல் சொல்லிவிட்டாள்.

மாமனார் வாங்கிக்கொண்டார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். எண்ணெய்க்கறை இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். துணியை எடுக்கவில்லை.

"என்ன மாமா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"மத்தியானமே மாட்டேன்னுதான் வெச்சேன்." அவர் யாரையும் பார்க்காமல் பேசினார். "நாலும் ஒரே துணியிலதானே இருந்துச்சு. முதல்ல கையில வந்ததே இதுதான். பாலீஷ் போடறதுக்குப் புரட்டினேன். உன் எழுத்து இருந்துச்சு. ஓ, இது புள்ள கஷ்டப்பட்டுப் பண்ணதுன்னு திருப்பிப் பார்த்தேன். அந்தத் தூசிக் கோட்டை நீ எப்படி இழுத்தேன்னு தெரியல, மூச்சு விட்ட மாதிரி இருக்கு. எத்தனையோ தேய்ச்சிருக்கேன், இதைத் தேய்க்க மனசு வரல. மத்த மூணும் வெறும் அழுக்குதானேன்னு..." டாக்டரைப் பார்த்தார். "மன்னிச்சிக்குங்க. உங்க அழுக்குன்னு எனக்குத் தெரியாது."

துருவக்கா தரையில் எதையோ தேடுவது போலக் குனிந்தாள். தரையில் ஒன்றும் இல்லை; மாமனார் ஏற்கெனவே துடைத்திருந்தார்.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "இந்த விசிறியை நான் தினம் பார்க்கறேன். தினம். நாலு இறக்கையை முன்னால வெச்சீங்க. இதுதான் என்னோடதுன்னு ஒண்ணே ஒண்ணைக் கட்டிப் பிடிச்சேன். அது என்னோடது இல்ல. இதுக்கு மேல ஒருத்தன் எப்படித் தோப்பான்?"

"அது செல்லாது டாக்டர். மூணு மினுமினுப்புக்குப் பக்கத்துல வெச்சா யாரா இருந்தாலும்..."

"ஏம்மா, நான் பேசினா எல்லாரும் 'ஆ'ன்னு மட்டும்தான் சொல்லுவாங்க. நீ ஒருத்திதான் எதிர்ப்பேச்சு பேசற. ஜெயிச்சவளே பந்தயம் செல்லாதுன்னா தோத்தவன் எங்க போவான்? கடை உனக்குத்தான். ஜூஸ்காரன் வேற இடம் பார்த்துக்கட்டும்."

"அப்ப இறக்கை?"

"இப்படியே மாட்டு. என் மூணு பேரும் என் கிளினிக்லயே திரும்பவும் கிழடாகட்டும். உன்னுது முன்னாடியே போய் உக்காந்திருக்கு, அவங்க மெதுவா வந்து சேரட்டும்." அப்புறம் மாமனார் பக்கம் விரலை நீட்டினார். "ஆனா ஐயா, நீங்க மட்டும் என் கிளினிக் பக்கமே வரக்கூடாது."

"பல்லு வலிச்சா?"

"கையைப் பின்னால கட்டிட்டு வாங்க."

புருஷன் திருப்புளியோடு வந்தார். துருவக்கா திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கினாள். மூன்று பளபளப்பும் ஒரு மங்கலுமாக, ஒற்றைப் பல் சொத்தையான வாய் மாதிரி இருந்தது விசிறி. டாக்டர் அதைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டது நன்றாகவே தெரிந்தது. கூண்டை மாட்டி, செருகி, பொத்தானைத் தட்டினார்கள்.

ஆட்டமில்லை, உதறலில்லை. ஒரு தடித்த வண்டு தூக்கத்தில் முனகுவது போல ஒரே சீராக ஓடியது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "இதே சத்தம்தான்" என்றார். நாலு இறக்கையும் கலந்து, கூண்டுக்குள் தேன் நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் நின்றது. மேசைமேல் விரித்த செய்தித்தாள் பறந்துபோய்ப் புருஷன் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

மாமனார் நாற்காலியை விசிறிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"உன்னுது எங்கம்மா? தெரியவே இல்லையே."

"சுத்தும்போது எப்படி மாமா தெரியும்?"

"ஒரு தடவை நிறுத்தேன். பார்த்துக்கறேன்."

"இப்பதான் ஓட ஆரம்பிச்சுது! நிறுத்தாதே, நிறுத்தாதே" என்றார் டாக்டர், கண்ணைத் திறக்காமலே.

துருவக்கா கையை நீட்டிப் பொத்தானை அணைத்தாள். வட்டம் தளர்ந்து, சிதறி, இறக்கை இறக்கையாகப் பிரிந்தது. ஒரு மினுக்கல், இன்னொரு மினுக்கல், இன்னொன்று.

"அதோ" என்றார் மாமனார்.